ஆவாரங்குடிப்பட்டியில் அப்படி ஓர் ஆள் இல்லை என்ற அறிக்கை குறித்து

அனுப்புநர்:
சி. எழிலரசன் (வயது 62), வழக்கறிஞர்,
கதவு எண் 14, மேலத்தெரு, ஆவாரங்குடிப்பட்டி,
இலுப்பூர் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: 2016-ஆம் ஆண்டு என்னைப் பற்றித் தரப்பட்ட விசாரணை அறிக்கையைத் திருத்தவும், என் மகள் குறித்த விசாரணையை என் வீட்டிலேயே நடத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்தேழு ஆண்டுகளாக வழக்கறிஞர். 2016-இல் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு என் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அன்றே புதிய வக்காலத்து வாங்குவதை நிறுத்தினேன். நீதிபதியாகப் போகிறவர் கட்சிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டிருப்பது அழகல்ல என்பது எங்கள் தொழிலின் வழக்கம். கையிலிருந்த வழக்குக் கட்டுகளையும் மற்றவர்களிடம் ஒப்படைத்தேன்.

2. பதவி வரவில்லை. கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பியது. அது அலைந்துகொண்டிருந்ததில் எனக்கு வயது கடந்துவிட்டது. "மேற்படி முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை, இருப்பிடம் தெரியவில்லை" என்று காவல்துறையின் முன்விசாரணை அறிக்கை போயிருந்ததை, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பின்னர்தான் சொன்னார். அந்த வீட்டுக்கு 1991 முதல் நான் வரி கட்டி வருகிறேன். ரசீதுகளை இணைத்துள்ளேன்.

3. அறிக்கை எழுதியவர் பொய் எழுதவில்லை. 2009-இல் எங்கள் கண்மாய் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஊரார் மறியல் செய்தபோது, சாதாரண உடையில் வந்த ஒருவர் பேச்சுக் கொடுத்துப் பெயர்களை வாங்கிப் போனார். மறுநாள் முப்பத்து நான்கு பேர் மீது வழக்கு. ஆறு ஆண்டுகள் வாதாடி 2015-இல் அனைவரையும் விடுவித்தேன். "இனிமேல் யார் வந்து யாரைக் கேட்டாலும் ஆளைக் காட்டாதீர்கள்" என்று ஊர்க் கூட்டத்தில் அறிவுரை சொன்னவனும் நான்தான்.

4. அடுத்த ஆண்டே என்னை விசாரிக்க வந்தவரும் சாதாரண உடையில் வந்து, பழனிச்சாமியின் தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறார். அந்தக் கண்மாய் வழக்கில் மூன்றாவதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த மூக்காயி முந்திக்கொண்டு, "அப்புடி ஒரு ஆளு இங்கிட்டு இல்லைங்க. எங்கிட்டுப் போனாருன்னும் தெரியாது" என்றிருக்கிறார். கடையே தலையாட்டியது. அங்கிருந்து நான்காவது வீடு என்னுடையது. பின்னர் நான் விசாரித்தபோது, "ஒங்களக் காட்டிக் குடுப்பமா, வக்கீலய்யா?" என்று அவர் பெருமையாகக் கேட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

5. போன கட்சிக்காரர்கள் திரும்பவில்லை. இப்போது இலுப்பூரில் பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். சக வழக்கறிஞர்கள் என்னை 'நீதியரசர்' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த மனுவை எழுத உட்காருகிறேன். என் கதை முடிந்தது. அதற்காக இம்மனு இல்லை.

6. என் மகள் கலைமதி உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தேர்வாகியுள்ளார். அவருக்கும் இதே முகவரிதான். விசாரணைக்கு விரைவில் ஆள் வருவார். பழைய அறிக்கையைப் புரட்டினால் அவருடைய தகப்பன் இருப்பிடம் தெரியாதவன். கடையில் கேட்டாலோ, என்னை மறைத்தவர்கள் என் மகளை இன்னும் பத்திரமாக மறைப்பார்கள்.

7. ஊராரிடம் முன்பே சொல்லிவைக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். விசாரணைக்கு முன் சாட்சிகளைத் தயார் செய்யக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவன் நான். மேலும், காரணத்தைச் சொன்னால் மூக்காயிக்குத் தான் அன்று செய்தது என்னவென்று புரிந்துவிடும். எழுபது வயதில் அது அவருக்கு வேண்டாம்.

ஆகவே, பழைய அறிக்கையைத் திருத்திப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். இம்முறை வருபவரைச் சீருடையில் அனுப்புங்கள். அவர் கடையில் நிற்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். பதினான்காம் எண் கதவைத் தட்டினால் போதும். மேற்படி முகவரியில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்பதை நானே கதவைத் திறந்து சொல்லிக்கொள்கிறேன்.

இடம்: ஆவாரங்குடிப்பட்டி
நாள்: 18.08.2025

இம்முகவரியில் வசிக்கும்,
(ஒப்பம்) சி. எழிலரசன்