மாமா சாப்பிடவில்லை

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மைசூரில் நான் நலம். பன்றிக்காய்ச்சலுக்குப் புதுத் தடுப்பூசி சோதிக்கும் கொட்டகையில் ஊசி பன்றிகளுக்கு, உதை மட்டும் எனக்கு.

தொந்தியைப் பார்த்து ஒரு பன்றிக்கு முனிராஜ் மாமா பேரை வைத்தேன். எங்கள் கொட்டகை டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பேரெல்லாம் வெக்காதப்பா, அப்புறம் நீதான் அழுவே" என்றார். நேற்றிலிருந்து மாமா தீனியைத் தொடவில்லை. ஊசியால் வந்த சாதாரணக் காய்ச்சலா, ஊசியையும் மீறி வந்த நோயா என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. நோய் என்றால் பிழைக்காதாம்.

போனில் சொன்னால் அப்பா, "பெரிய டாக்டரு பேசறாரு" என்று வைத்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். ஹனூர் ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் நம் பன்றிகளுக்குப் போட வேண்டாம். அதிலும் இந்த நோய் வருமாம். நம் சினைப்பன்றியை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

எள்ளுப்பொடி அனுப்பு. ஒரு போர்வையும். புதிது வேண்டாம், நீ போர்த்துவதையே அனுப்பு.

பொங்கலுக்கு வருவேன். இந்த நோய் நம் உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போய்ப் பன்றிகளுக்குத் தொற்றுமாம். வாசலிலேயே குளிக்க வெந்நீர் வை, மாற்றுத்துணியும் வை. அப்புறமும் நான் எவ்வளவு கெஞ்சினாலும் பட்டிப் பக்கம் மட்டும் என்னை விடாதே.

கொட்டகையில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் வாலு,
கவின்ராஜ்