உங்கள் பாத்திக் கீரை படையலில் இருக்காது, மாமா

அன்பான மாமாவுக்கு,

'அன்பான' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், அது பொய் இல்லை. ஆனால் கோபத்தில்தான் எழுதுகிறேன். முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியது, ஒரு வருடம் தாமதமாகிவிட்டது.

நாளை மறுநாள் உங்கள் முதல் திதி. ஜொகூர் பாருவிலிருந்து உங்கள் மகள், பெரியக்கா, வந்துவிட்டார். வந்ததும் நேரே பின்பக்கப் பாத்திக்குப் போய், "அப்பா போட்ட விதையில வந்த கீரைலா இது, படையலுக்கு இதத்தான் கடையணும்" என்றார். படைத்த இலையிலிருந்து முதல் வாய் உங்கள் பேரன் கவினுக்கு. அதுதானே நம் வீட்டு வழக்கம்?

அதே இடத்தில்தான் நீங்கள் வருடக்கணக்கில் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தீர்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. கவின் மண்ணில் விளையாடி ஒரு கறுப்புத் தகட்டைக் கொண்டுவந்து நீட்டியபோதுதான் தெரிந்தது. கேட்டால், "அதெல்லாம் மழை எப்பவோ அடிச்சிட்டுப் போயிருக்கும். கீரை பச்சப்பசேல்னு இருக்கு பாரு" என்றீர்கள்.

அந்தப் பச்சையைத்தான் நம்பக்கூடாது என்று எத்தனை முறை சொன்னேன்? நான் வேலை செய்வது நாற்றுகளைச் சோதிக்கும் கூடத்தில். "பத்து நாத்து புடுங்கித் தாங்க மாமா, காயவச்சு சோதிச்சா தெரிஞ்சிடும்" என்றேன். "பச்சப் புள்ள மாதிரி நிக்குது, அதப் புடுங்குறதா? கைய வச்சுதான் பாரேன்" என்று மண்வெட்டியோடு குறுக்கே நின்றீர்கள்.

அதனால்தான் கூடத்திலிருந்து அந்தக் கருவியை இரவல் வாங்கி வந்தேன். இலையில் சின்னக் கிளிப்பை மாட்டி, அந்த இடத்தை இருபது நிமிடம் இருட்டில் வைத்து, ஒரு நொடி வெளிச்சம் அடித்தால், இலை லேசான ஒளியைத் திருப்பி விடும். நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். வேரில் ஏதாவது வதைத்தால், இலை வெளுப்பதற்கு முன்பே கருவி காட்டும் அளவு இறங்கிவிடும். நாற்றுக்கு ஒரு கீறல் கிடையாது.

"அலமாக்! கீரைக்குக் கிளிப்பா? துணி காயப்போடுறியா?" என்று சிரித்தீர்கள்.

முதல் நாள் தப்புச் செய்தது நான்தான். உள்ளே கவின் அழுகிறான் என்ற அவசரத்தில், உச்சி வெயிலில், இருட்டில் வைக்காமலே அளந்தேன். ஆயர் ஈத்தாமில் வாங்கிய மண்தொட்டியில் கடை மண்ணில் வளர்ந்த நாற்றுக்கூட நோயாளி என்று காட்டியது. பக்கத்து வீட்டார் முன்னால், "இவ மெஷினுக்கே காய்ச்சல்" என்றீர்கள். மறுவாரம் ஒழுங்காக அளந்தேன். தொட்டி நாற்று நன்றாக இருந்தது, பாத்தி நாற்றின் அளவு இறங்கியிருந்தது. அதற்குள் என் பேச்சை யார் கேட்டார்கள்?

நான் வேலைக்குப் போனதும் கவினுக்கு அந்தப் பாத்திக் கீரைச் சோறு ஊட்டினீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

கருவி வதையைத்தான் சொல்லும், ஈயம் என்று பெயர் சொல்லாது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நானும் நாள் கடத்தினேன். பிறகு நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் யார் மண் தோண்டுவது?

போன மாதம் அனுப்பினேன். ஈயம்தான். உடனே கவினைக் கிளினிக்குக் கொண்டுபோனேன். "ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. மறுபடியும் எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டர். உங்கள் நாற்றைக் காயப்படுத்தாமல் சோதிக்க எனக்கு வழி தெரிந்தது, மாமா. உங்கள் பேரனுக்கு ஊசி குத்த வேண்டியிருந்தது. என் மடியில், இரண்டு பேர் கையைப் பிடிக்க.

இன்று பெரியக்கா சொன்னார்: "மனுஷன் போயிட்டாரு தேவி. இன்னுமா அவரோட மல்லுக்கட்டுற?"

"ஆமாக்கா" என்று மண் அறிக்கை, கவினின் ரத்த அறிக்கை இரண்டு தாளையும் கொடுத்தேன். படித்துவிட்டுப் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "வாரா வாரம் எனக்கும் ரெண்டு கட்டு குடுத்து அனுப்புவாரே... எம்புள்ளைங்களும் தின்னுச்சுங்களே" என்றார். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

அந்தப் பாத்தியிலிருந்து ஓர் இலைகூட இனி இந்த அடுப்புக்கு வராது. மண்ணை அள்ளி அகற்றும்வரை வேலி போட்டு வைப்பேன். உங்கள் இலைக்குத் தொட்டிக் கீரையைக் கடைந்து வைப்பேன். பிடிக்காவிட்டால் பசியோடு போங்கள். கவின் வளர்ந்து கேட்கும்போது, தாத்தா அவனைத் தோளில் தூக்கித் திரிந்ததையும் சொல்வேன், இதையும் சொல்வேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

கோபம் ஆறாத உங்கள் மருமகள்,
கவினின் அம்மா,
தேவி
பண்டார் தெங்காரா