பன்னிரண்டு பேரின் கறிவேப்பிலைத் தோட்டம்

என் துளசிமணிக்கு,

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. ஊரில் எது நடந்தாலும் உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது. இன்று எழுதியே விடுகிறேன்.

காரமடைப் பக்கத்துத் தோட்டங்களில் கறிவேப்பிலை அறுக்கப் போன நாம் பன்னிரண்டு பேரும் மகளிர் குழு வைத்து, கூலியில் மிச்சம் பிடித்துச் சேமித்தோம். பிரசவம், பள்ளிக்கூடச் செலவு என்றால் அதிலிருந்து எடுப்போம். அதற்கு மேலே யோசித்தவள் நீ ஒருத்திதான். "ரெண்டு ஏக்கரை நாமளே குத்தகைக்கு எடுத்தா என்னங்க அக்கா?" என்று கூட்டத்தில் கேட்டாய்.

"எதுக்கு அம்மணி இந்த வம்பு? கூலி வந்தாப் போதாதா?" என்றேன்.

"கூலிக்குப் போற வரைக்கும் வெலைய அவங்கதானுங்க சொல்லுவாங்க. ஒருக்கா நாமளும் சொல்லிப் பாக்கலாமே."

நீ பேசி முடிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பயம், துளசி. என் வீட்டுக்காரர் போட்ட வாழை ஒரே காற்றில் சாய்ந்த வருடம் கண்முன்னே நின்றது. அதை உன்னிடம் சொல்லாமல் கோபத்தைத்தான் காட்டினேன். ஒரு மாதம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

பிறகு காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடி வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றுதான் கேட்டாய். நாலாம் நாள் நீ இல்லை. ஒரு வார்த்தையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

உன் காரியம் முடிந்த பின் குழு கூடியது. நாம் பேசாத அந்த மாதத்தில் நீ குத்தகை பேசி வைத்திருந்த தோட்டக்காரர், வீட்டு ஆண்கள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் என்று எழுந்து போன நான்தான், "வாங்க, போய்க் கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

பதினோரு பேரும் போய் அவர் வாசலில் நின்றோம்.

"ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க அம்மணி, எழுதித் தாரேன்" என்றார்.

"இத்தன வருசமா எலை அறுக்க எங்களத்தானுங்க கூப்பிட்டீங்க. அப்ப ஊட்டுக்காரரைக் கேக்கலீங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "அவங்க கேக்கறது நாயந்தானுங்களே. எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார். தோட்டக்காரர் அன்று மதியமே எங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்.

முதல் அறுப்பில் விலை சரிந்துவிட்டது. கூலிக்குப் போயிருந்தால் வந்திருக்கும் அளவுகூட மிஞ்சவில்லை. "உன் பேச்சைக் கேட்டோமே" என்று இரண்டு பேர் என்னிடம் முகம் திருப்பிக்கொண்டார்கள். உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? அடுத்த அறுப்புக்கு மூன்று வியாபாரிகளை வரவழைத்தோம். முதல் ஆள் சொன்ன விலைக்கு நான் தலையாட்டவில்லை. "கட்டுப்படியாகாதுங்க" என்றேன். நாங்கள் சொன்ன விலைக்கு மூன்றாமவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும், துளசி.

உன் சேமிப்புக்குச் சேர வேண்டிய பங்கை உன் மகள் கவிதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பீளமேட்டுக் கம்பெனி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் வாங்கவே இல்லை. "பணத்தைத் தோட்டத்துலயே போடுங்க பெரியம்மா. என்னையக் குழுவுல சேத்துக்குங்க" என்றாள். உன் குரலைக் கேட்டதுபோல் இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

போன கூட்டத்தில் கவிதா, இலையைக் காயவைத்துப் பொடி செய்து விற்கலாம் என்றாள். எனக்குப் பாதி புரிகிறது, பாதி பயமாக இருக்கிறது. ஆனால் ஒன்று, துளசி. அவள் பேசி முடிக்கும் வரை நான் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
ருக்குமணி