கல்யாணக் கேசட்டில் உன் இடம்

ஒரே வீட்டில் இருந்ததால் ஒரு கடிதம்கூட எழுதியிராத என் அன்பு அண்ணனுக்கு,

மஞ்சுளாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை மத்தூர்க்காரர். உன் இடத்தில் நின்று நான்தான் தாரை வார்த்தேன். நீ போன பிறகு பி.எஃப். ஆபீஸிலும் ரேஷன் கடையிலும் உன் இடத்தில் நான்தான் நிற்கிறேன். களைப்பான இடம், அண்ணா. எப்படித்தான் நின்றாயோ?

உன் மகள் ஒன்றுதான் கேட்டாள். கல்யாண வீடியோவில் அப்பா இருக்கவேண்டும். இப்போது அதற்கு வழி இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் திரையின் மேல்பக்கம் ஒரு பூ வட்டம் தோன்றும். இறந்தவர் அதற்குள்ளிருந்து ஆசீர்வதிப்பார். மிக்ஸிங் என்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் இறந்தவர்கள் வராத கல்யாணமே இப்போது இல்லை. உயிரோடு இருக்கும் உறவினர்கள்தான் சரியாக வருவதில்லை.

சுவரில் மாட்டியிருக்கும் உன் படம் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் நீ யாரையும் ஆசீர்வதிப்பவனாகத் தெரியவில்லை. "அப்பா சிரிக்கற படம் வேணும் சித்தப்பா" என்றாள்.

நீ சிரித்தது ஒரே படத்தில்தான். ஆயுத பூஜையன்று லேத் மெஷின் முன்னால் நாம் இருவரும் நிற்கிறோம். மெஷினுக்குப் போட்டது போக மிஞ்சிய மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு நீ சிரிக்கிறாய். அந்தப் படத்தை மிக்ஸிங் கடையில் கொடுத்து, "அண்ணன் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடிக்கு அவளை அழைத்து வந்திருந்தபோது கேசட் கிடைத்தது. வாடகை டெக்கில் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். பூ வட்டம் வந்தது. அதற்குள் நான் இருந்தேன். கீழே மணமேடையில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்பதும் நானே.

"யோவ், நீ எப்பய்யா செத்த?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மிக்ஸிங் செய்தவர் பாகலூர் ரோட்டில் கடை வைத்திருக்கும் கன்னடக்காரர். அவர் அசரவில்லை. "மாலை போட்டிருக்கறவருதானே சார் செத்தவரு? இதுல கேக்க என்ன இருக்குது?"

"திரும்ப மொதல்லருந்து போட்டுக் குடுங்க."

"ஒரிஜினல் டேப்புல வேற கல்யாணம் புடிச்சாச்சே. ஒண்ணு பண்ணலாம் சார், உங்க மேலயே அவர ஒட்டிடறேன்."

ஒட்டினார். பிரதிக்குப் பிரதி எடுத்ததில் மண்டபம் முழுக்கப் பனி இறங்கிவிட்டது. ஆனாலும் நீ வந்தாய், சிரித்தாய். மஞ்சுளா டிவிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா மங்கலாத் தெரியறாரும்மா."

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா அப்படித்தான்டி இருப்பாரு" என்றார் அண்ணி.

உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி போடுங்க சித்தப்பா." போட்டேன். அவ்வளவு மங்கலிலும் உன்னை எப்படிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்? என்னைத் தெளிவாகக் காட்டியபோது சிரிக்கத்தானே செய்தார்கள்?

சம்பந்தி வீட்டார் உன்னைப் பார்த்ததே இல்லை. அங்கே டெக்கும் இல்லை. பொங்கல் சீர் கொண்டுபோகும்போது கரும்போடு ஒரு வாடகை டெக்கையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவேன். உன்னை அவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் இலையில் உட்காருவேன்.

கொஞ்ச நாள் உனக்குப் பதிலாக இறந்திருந்த,
உன் தம்பி