மூணாவது லெவலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஜூன் 2, திங்கள்

கார் கம்பெனிக்காரன் திருடன்.

திலீப் அண்ணனின் ஏழு சீட்டு வண்டியில், கடைசி வரிசை ஜன்னலுக்குக் கீழே வட்டமாக ஒரு கறுப்பு வலை இருக்கிறது. ஸ்பீக்கர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று சிக்னலில் நின்றபோது நகத்தால் நெம்பினேன், கழன்று கையில் வந்தது. உள்ளே ஒரு துளை, டேப் சுற்றிய ஒயர். அவ்வளவுதான். பின்னால் உட்காருகிறவர்களுக்குக் காது கிடையாது என்று முடிவு செய்தவன் எந்த ஏசி அறையில் உட்கார்ந்திருந்தான்?

தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸிலிருந்து இருட்டோடு கிளம்பி பெங்களூரு ஒயிட்ஃபீல்டு போகிற வண்டி. நாங்கள் ‘கேஜ்’ என்போம். தாத்தாக்களைச் சுரங்கத்தில் இறக்கிய கூண்டின் பெயர். கடைசி வரிசைக்குச் சுரங்கத் தட்டின் பெயர், மூணாவது லெவல்: நான், பவ்யா, கிருஷ்ணம்மா அக்கா. முன் சீட்டு சரத்துக்கு, பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

வலையைக் காட்டினேன். “காத்தும் வராது, பாட்டும் வராது. மூணாவது லெவல்னா சும்மாவா?” என்றார் கிருஷ்ணம்மா அக்கா. வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் எரிந்தது.

ஜூன் 4, புதன்

ஸ்பீக்கரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாங்குகிறோம், நான் மாட்டுகிறேன் என்று திலீப் அண்ணனிடம் சொன்னேன்.

“ஸ்டீரியோ மேல கை வெக்க மாட்டியே?”

“தொடவே மாட்டேண்ணா. ஸ்பீக்கர் மட்டும்தான்.”

“ரிவர்ஸ் எடுத்தா பீப் அடிக்கிறது அதுலதான். வாரண்டி வேற கீது. ஏதாச்சும் ஆச்சு, உன் சீட்டு போச்சு. இப்பவே சொல்டேன்.”

சீட்டு போனால் ரயில்தான். என் ஷிப்டுக்கு ஒத்துவருகிற ரயில் இல்லை, ஆகவே வேலையும் போகும். சரி என்று சொல்லிவிட்டேன். ஒயர் சோதிக்கிற வேலைக்குத்தானே தினமும் பெங்களூரு போகிறேன். இது வராதா?

ஜூன் 6, வெள்ளி

ஷிப்டு முடிந்ததும் கார் சாமான் கடை. “பெரிய ஸ்கிரீன் போட்டுடலாம் மேடம், ஆம்ப் வெச்சிடலாம்” என்றார் கடைக்காரர். கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும், ஸ்பீக்கர் போதும் என்றேன். கல்யாண வீட்டுக்கு வந்து தண்ணீர் மட்டும் கேட்டதுபோலப் பார்த்தார். பெட்டிமேல் ஆயிரம் வாட் என்று போட்டிருப்பதெல்லாம் கதை. கம்பெனி ஸ்டீரியோ தருகிற பலம் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்திலேயே உரக்கப் பாடுகிற ஸ்பீக்கர் வேண்டும். கிடைத்தது. ஒயரை வெட்டாமல் செருக ஒரு கப்ளரும் வாங்கினேன்.

திரும்பும்போது சரத் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நல்ல பீஸ். இத முன்னாடி போடு. முன் கதவுல கீற கம்பெனி ஸ்பீக்கரக் கழட்டி பின்னாடி போட்டுக்கோங்க. உங்களுக்கு அது போதும்ல?”

பெட்டியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கிருஷ்ணம்மா அக்கா கேட்டார்: “ஏம்ப்பா, நாங்க வாங்கின புதுச் சேலைய நீ கட்டிக்கினு, உன் பழைய லுங்கிய எங்களுக்குக் குடுப்பியா?”

சரத் இயர்போனைச் செருகிக்கொண்டான்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக வண்டிக்கு. பேனல் கழற்றும்போது இரண்டு கிளிப் உடைந்தது — சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. அதிராமலிருக்க ஃபோம் ஒட்டி, ஸ்பீக்கரை வைத்து, முடுக்கி, பாட்டைப் போட்டால் தகர டப்பா.

“இதுக்கு அந்த வெறும் வலையே தேவல” என்றார் திலீப் அண்ணன்.

சீட்டு போச்சு என்றே நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், கனத்த அடிச்சத்தத்தை இரண்டும் சேர்ந்து விழுங்கிவிடும். மாற்றினேன். பேத்தமங்களா ஏரி வரை ஓட்டிப் பார்த்தோம். கடைசி சீட்டில் நான் மட்டும். தபேலாவின் தோலில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. திரும்ப ரிவர்ஸ் எடுத்தார். பீப் அடித்தது.

ஜெயித்தேன்.

ஜூன் 9, திங்கள்

“பின்னாடி மட்டும் நல்லா கேக்குதாமே?” — சரத். “வந்து பாரு” — பவ்யா. வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தப்பு நடந்துவிட்டது.

மூணாவது லெவலில் இருப்பவர்கள் இறங்கவேண்டுமென்றால் கத்தமாட்டோம். கூரையில் தட்டுவோம். ஒரு தட்டு, நிறுத்து. இரண்டு தட்டு, போ. கேஜ் மணி என்று, சுரங்கக் கூண்டில் அடித்ததுபோல நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

இன்று தன் ஸ்டாப்பான ஹோப் ஃபார்ம் வரும் முன் கிருஷ்ணம்மா அக்கா ஒரு தட்டு தட்டினார். பாட்டுச் சத்தத்தில் திலீப் அண்ணனுக்குக் கேட்கவில்லை. மறுபடி தட்டினார், மறுபடியும். அந்த இரண்டு மட்டும் கேட்டது. இரண்டு என்றால் போ. போய்விட்டார். நான் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுத்த சிக்னலில் இறங்கி, தான் கூட்டிப் பெருக்குகிற கண்ணாடிக் கட்டடம் வரை திரும்ப நடந்தார். அரை நாள் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு அரை நாள். மேனேஜர் லேட்டா வந்தா யாராச்சும் போடுவாங்களா?

திரும்பும்போது, “கழட்டிடும்மா” என்றார் திலீப் அண்ணன். சரத் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

என் தப்புதான். ஆனா இன்னா நியாயம் இது? பாட்டு வேணும்னா ஸ்டாப்பு போகணுமா? ஸ்டாப்பு வேணும்னா பாட்டு போகணுமா? முன்னாடி உக்காந்தவனுக்கு ரெண்டுமே கீதே.

ஜூன் 11, புதன்

ஸ்குரூ டிரைவரோடுதான் ஏறினேன். கிருஷ்ணம்மா அக்கா பையிலிருந்து ஒரு சைக்கிள் பெல்லை எடுத்து என் மடியில் வைத்தார்.

“கேஜ்னு பேர் வெச்சிக்கினு மணி இல்லாம ஓட்டினா எப்படிம்மா? ஸ்பீக்கர் இன்னா பண்ணும்?”

ஜன்னல் மேலிருக்கும் கைப்பிடியில் முடுக்கினேன். அடித்துக் காட்டினார். சரத் போனைக் கீழே போட்டான். திலீப் அண்ணன் பிரேக்கே போட்டுவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இருந்துட்டுப் போகட்டும். ரெண்டும்.”

ஜூன் 20, வெள்ளி

ஒன்பது நாளாக ஒரு ஸ்டாப்பும் தவறவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

முன் கதவில் இன்னும் கம்பெனியின் காகித ஸ்பீக்கர்தான். சத்தம் வைத்தால் கரகரக்கிறது. இன்று சரத் தாங்கமுடியாமல், “ஆன்ட்டி, ஒருநாள் பின்னாடி உக்காந்து கேக்கவா?” என்றான்.

“தாராளமா. நான் முன்னாடி வரேன். ஒருநாளு இல்ல, ஒரு வாரம்” என்றார் கிருஷ்ணம்மா அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனில் எங்கள் வண்டி குரூப்பில் கேட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பவ்யா ஒரு பெல் படம் போட்டாள். சரத் டைப் செய்வது தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது. நின்றது.

நான் கேட்டது இவ்வளவுதான்: “சரத், திங்கக்கிழமையிலிருந்து வாரம் ஒருத்தர் முன் சீட்டு. முதல் வாரம் கிருஷ்ணம்மா அக்கா. நீ மூணாவது லெவல். சரியா?”