மாயக்காரி வீட்டுக் கஞ்சி

திராட்சை மிதிக்கும் மாதம், வளர்பிறை இரண்டு

அகெலோகஸ் இன்றும் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து அழுதான். ஊர் ஞாபகமாம், மனைவி ஞாபகமாம். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழுகிறான். ஆட்டுக்கறி வாசனை வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகப் பந்திக்கு வந்துவிட்டான். இவன்தான் போரில் கோட்டையைப் பிடித்த மாவீரன்!

புயலில் உடைந்து எங்கள் தீவில் ஒதுங்கிய இவன் கப்பலைச் செப்பனிட்டு எவ்வளவோ நாளாகிறது. "புறப்படுகிறேன், வழியனுப்புங்கள்" என்று அவன் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் அன்றே ரொட்டியும் மதுவும் ஏற்றி அனுப்பிவிடுவேன். நானாகப் போ என்று சொல்லக் கூடாது. விருந்தாளியை விரட்டிய வீட்டை விருந்தாளிகளைக் காக்கும் ஜீயஸ் கடவுள் சும்மா விடமாட்டார். என் கணவர் இருந்தவரை இங்கே அப்படி நடந்ததே இல்லை.

வளர்பிறை ஆறு

மறுபடி ஆடு. அவன் ஆட்களுக்கும் சேர்த்து இரண்டு.

பௌர்ணமி

என் காதிலேயே விழுந்தது. மாலுமிகளிடம் சொல்கிறான்: "என்னடா பண்றது, அந்தம்மா விடமாட்டேங்குதே! கண்ணாலயே கட்டிப் போட்டுடுச்சு."

நானா? இவனையா? கருமம்! தாடியில் வழிந்த கொழுப்பை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதைப்பு மாதம், வளர்பிறை மூன்று

ஆடும் தீர்ந்தது, மாவும் தீர்ந்தது. விதைக்கு வைத்த வாற்கோதுமை மட்டும்தான் மீதி. இன்றோ நாளையோ மழை இறங்கிவிடும். அதையும் அரைத்துவிட்டால் வரும் வருடம் எல்லோருக்கும் பட்டினி.

வேலைக்காரி மிர்ட்டா சொன்னாள்: "குகையில ஒளிச்சு வெச்சிடலாம்மா. எல்லாம் தீந்துபோச்சுன்னு சொல்லிக் கஞ்சிய ஊத்துவோம். அப்பத் தெரியும் சேதி."

வீட்டில் இருப்பதை விருந்தாளியிடம் இல்லை என்பதா? அவளைத் திட்டித் தீர்த்தேன். திட்டினேன், சரி. பிறகு ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

மறுநாள்

ஒளித்துவிட்டோம். ஒரு மூட்டையை நானே சுமந்தேன். ஜீயஸே, தண்டிப்பதானால் என்னைத் தண்டி. வயலை விட்டுவிடு.

வளர்பிறை ஐந்து

காட்டுக்கீரைக் கஞ்சி. "இவ்வளவுதான் ஐயா இருக்கு" என்றேன். நாக்கு கூசியது. அவன் கிண்ணத்தைக் கிளறிக் கறி தேடியதும் அந்தக் கூச்சமும் போய்விட்டது.

வளர்பிறை ஆறு

கஞ்சி.

வளர்பிறை ஏழு

காலையிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றான். "அம்மணி, வழியனுப்புங்க. என் பொண்டாட்டிய நெனச்சா நெஞ்சு வெடிக்குது. தடுக்காதீங்க, அழாதீங்க."

அழுகிறேனாம்! சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது, அவ்வளவுதான். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று கணவரின் வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்தேன். வாங்கியவன் கையில் தூக்கி எடை பார்த்தான். பார்க்கட்டும். போனால் போதும்.

வளர்பிறை பத்து

மழை! விதைத்தோம்.

கப்பல்கள் மறுபடி ஓடும் மாதம், தேய்பிறை நான்கு

கதிர் வந்துவிட்டது. ஊர் ஊராகப் பாடித் திரியும் ஒருவன் இன்று கரையிறங்கினான். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டுவிட்டு அகெலோகஸின் கதையைப் பாடினான்.

ஏதோ ஒரு தீவில் ஒரு மாயக்காரியாம். தங்கக் கட்டிலாம், வற்றாத மதுவாம், நாள் தவறாமல் கறி விருந்தாம். அவள் காலைப் பிடித்துக் கதறியும் வீரன் உதறிவிட்டு வந்தானாம். மிர்ட்டா வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடப்பாவி, தின்றது முழுக்க என் ஆடு! அந்த மாயக்காரி நான்தான், கேட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பாட்டுக்காரன் கேட்டான்: "அந்தத் தீவைத் தேடி ஊர்ப்பட்ட கப்பல் கெளம்பிடுச்சும்மா. அது எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாசல் வழியே வயலைப் பார்த்தேன்.

"தெரியுமே" என்றேன். "மேற்கால போகணும். சூரியன் விழற எடத்தையும் தாண்டி, ரொம்ப தூரம்."