மச்சம் காணாமல் போன இடக்கன்னம்

ஜூலை 8, செவ்வாய்

வெயில். முதுநகர்க் காக்கைகள்கூட நிழல் பார்த்துத்தான் பறக்கின்றன.

கடையில் இன்று மூன்று ஃப்ளெக்ஸ். ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி. அஞ்சலிக்காரருக்குப் பத்து வயது குறைத்தேன். காதுகுத்துத் தாய்மாமன் கன்னத்தில் ஏகப்பட்ட பரு. மௌஸை நாலு இழுப்பு இழுத்ததில் எல்லாம் க்ளோஸ். கடலூர் மாவட்டத்தில் என் கையால் பரு நீங்காத முகம் இல்லை. எனக்கு டாக்டர் பட்டம் தராதது பல்கலைக்கழகங்களின் நஷ்டம்.

சொந்த முகம்தான் விதிவிலக்கு. காலேஜ் காலத்துப் பருக்கள் காலி செய்யும்போது குழி தோண்டிவிட்டுப் போயின. மழை பெய்தால் என் கன்னத்தில் விரால் வளர்க்கலாம் என்பது மச்சான் கருத்து. (மனைவியின் தம்பி. கடையில் பாதிப் பங்கு, கேலியில் முழுப் பங்கு.)

இனி அது நடக்காது. சிதம்பரம் ஆஸ்பத்திரியின் தழும்பு ஆராய்ச்சிக்கு என் முகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தாயிற்று. இரண்டு கன்னத்திலும் பொடிப் பொடி ஊசிகளால் குத்து. ஒரு கன்னத்துக்கு என் ரத்தத்திலிருந்தே சுழற்றிப் பிரித்த தெளிநீர். மறு கன்னத்துக்கு வெறும் உப்புத்தண்ணீர். எது எதற்கு என்று எனக்கும் தெரியாது, மார்க் போடும் டாக்டருக்கும் தெரியாது. சீல் வைத்த கவருக்குத் தெரியும். சிட்டிங் எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கடைசி போட்டோ, மார்க்.

இதெல்லாம் ஸ்டெல்லாவுக்காக. அக்கா மகள், பாண்டிச்சேரி ஹாஸ்டல். முகம் நிறையப் பரு. மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. மாதா கோயில் பாடற்குழுவில் முன்வரிசைக் குரல். இப்போது அதையும் விட்டுவிட்டாள். யாரோ தோழி சொன்னாளென்று மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசுகிறாள். பூசினால் பளபளப்பு, நிறுத்தினால் மிளகாய்ப்பழம். டாக்டரிடம் போகலாம் என்று அக்கா அழாத குறை. மசியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “உன் மூஞ்சி சரியாவட்டும் மாமா. அப்புறம் நான் வரேன்.”

ஆகவே போர்க்களத்துக்கு முன்னால் அனுப்பப்பட்ட ஒற்றன் நான்.

மாலை. ஸ்டெல்லா வாட்ஸப்பில் போட்டோ கேட்டாள். எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டியூப்லைட் வெளிச்சம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. லேசாக, மிக லேசாக, ஒரு கை பார்த்து அனுப்பினேன்.

அவள் ஒரு கைதட்டல் பொம்மை அனுப்பினாள். வெற்றி.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போனோம். ஸ்டெல்லா வந்திருந்தாள், கடைசி பெஞ்சு, மாஸ்க். சாப்பாட்டுக்கு அக்கா வீடு. சங்கரா மீன் குழம்பு. குழம்பில் குறையில்லை.

சாப்பிட்டு முடித்ததும் போனும் கையுமாக எதிரில் வந்து உட்கார்ந்தாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போன்.

“மாமா, மச்சம் எங்க?”

இடக்கன்னத்தில், மூக்கோரம். பிறவி மச்சம். ஊசிக்கும் அசையாதது. போட்டோவில் இல்லை. கை வழக்கத்தில் அதையும் துடைத்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி மாட்டியதில்லை.

வெளிச்சம், கேமரா, மூடுபனி என்று மூன்று காரணம் சொன்னேன். ஜூலையில் மூடுபனி. அவள் சிரிக்கவில்லை.

“எல்லாரும் இப்டித்தான். அந்த ஆஸ்பத்திரி போட்டோவும் இப்டித்தான் இருக்கும். எனுக்கு ட்யூபே போதும்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா என் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். திட்டியிருக்கலாம்.

தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது என் ராஜதந்திரம். ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பரம்பரை இல்லை இது. கதவுக்கு வெளியே நின்று, நாளை நீயே வந்து அவர்கள் எடுக்கிறதைப் பார், பொய்யென்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றேன். உள்ளேயிருந்து நிபந்தனை: அங்கே நான் வாயைத் திறக்கக் கூடாது.

மீசையை எடுப்பதைவிடக் கடினம். சம்மதித்தேன்.

ஜூலை 14, திங்கள்

சிதம்பரம் பஸ். புதுச்சத்திரம்வரை எனக்கு நின்றே பயணம். ஸ்டெல்லா ஜன்னலோரம், மாஸ்க்குக்கு மேல் துப்பட்டா.

ஆஸ்பத்திரி போட்டோ அறை. அதே நாற்காலி, அதே விளக்கு, தாடை வைக்க அதே பட்டை. பவுடர் போட்டிருந்தால் கழுவச் சொல்வார்கள். தொழில்காரன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன்: இவ்வளவு ஈவிரக்கமற்ற விளக்கை நான் எங்கும் கண்டதில்லை. தெருக்குழிகளுக்கு அடித்தால் நகராட்சி ராஜினாமா செய்யும்.

சின்ன டாக்டரம்மா கேட்டார், வேறு ஏதாவது பூசினேனா, வேறு ஏதாவது செய்தேனா என்று. வாய்ப்பூட்டு. ஸ்டெல்லா பதில் சொன்னாள்.

“போட்டோவுல மட்டும் செஞ்சாரு டாக்டர்.”

கதையைக் கேட்டு டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் அனுமதி கேட்டு, கம்ப்யூட்டரில் முதல் நாள் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் கன்னம் சுவர் அளவுக்கு. மச்சம் கோலிக்குண்டு அளவுக்கு, பத்திரமாக.

ஸ்டெல்லா நெடுநேரம் பார்த்தாள். குழி போகவில்லை. ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. வலப்பக்கம் ஆழம் குறைவு.

“ரைட் சைடு கொஞ்சம் பரவால்ல.”

கொஞ்சம். நான் எதிர்பார்த்தது முழு நிலவு. ஆனால் அவள் வாயிலிருந்து வந்த கொஞ்சம், எனக்கு பாரத ரத்னா. எந்தப் பக்கம் எது என்று கேட்டாள். கவரைப் பிரிக்க இன்னும் நாளாகும், எல்லாரும் முடிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. தனக்கே தெரியாது என்றும் சொன்னார்.

அது அவளுக்குப் பிடித்துவிட்டது போல. துப்பட்டாவை எடுத்தாள். மாஸ்க்கையும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பையிலிருந்து அவளே ட்யூபை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா பெயரைப் படித்துவிட்டு, இது பருவுக்கான மருந்தே இல்லை என்றார். முதலில் பருவுக்கு வைத்தியம், தழும்பெல்லாம் பிறகு.

“இத நிறுத்துனா மொதல்ல இன்னும் ஜாஸ்தியாவும். பயந்துட்டு மறுபடி பூசிடாத. சரியா?”

சரி என்றாள். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மாஸ்க் போட்டுக்கொண்டுதான். அதனாலென்ன.

ஜூலை 23, புதன்

மேகமூட்டம். மழை வரும்போல ஒரு பாவனை.

மாதா கோயில் திருவிழாவுக்குப் பாடற்குழு ஃப்ளெக்ஸ். எல்லார் படமும் வந்துவிட்டது. முன்வரிசையில் ஓர் இடம் காலி.

மதியம் ஸ்டெல்லாவிடமிருந்து போட்டோ. மாஸ்க் இல்லை. கன்னம் இரண்டும் செக்கச்செவேல், பரு முன்பைவிட அதிகம். டாக்டரம்மா சொன்னபடியே. கீழே வாய்ஸ் மெசேஜ்:

“மாமா, ஃப்ளெக்ஸ்ல இதையே போடு, எதையும் தொடாத. இது முதல் நாள் போட்டோ. கிறிஸ்துமஸ் ஃப்ளெக்ஸ் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்.”

பத்துக்கு ஆறு அடி. முன்வரிசைக் காலி இடத்தில் அவளை வைத்தேன். மௌஸ் தானாக நகர்ந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மச்சான் எட்டிப் பார்த்தான். “மாமா, பருவ துடைக்கல?”

பிரிண்ட் கொடு என்றேன்.